கதைக்குக் கீழே என்ன கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் ஒரு குட்டிக் கதையும் அதன் கீழே மூன்று கேள்விகளும் வருகின்றன. முக்கியக் கதாபாத்திரம் யார், கதை எங்கே நடக்கிறது, இக்கதை உணர்த்தும் நீதி யாது? பெரும்பாலும் இவைதாம். வகுப்பறைப் பயிற்சித் தாள்களிலும் இதே வரிசைதான் புழங்குகிறது. குழந்தைகளுக்கென்று ஒரு பக்கத்தை விடாமல் ஒதுக்கிவருவது பெரிய காரியம். அந்தப் பக்கம் இன்னும் நன்றாகப் பயன்பட வேண்டும் என்ற அக்கறையில் எழுதுகிறேன். 4 முதல் 8 வயது வரையுள்ள குழந்தை கதையின் உறுப்புகளைப் புரிந்துகொள்ள இந்த மூன்று கேள்விகள் உதவுவதில்லை. மூன்றுக்கும் சரியாக விடை எழுதிய குழந்தைக்குக் கதையே புரியாமல் போயிருக்கலாம்.

எடுத்துக்காட்டோடு சொன்னால் விளங்கும். இப்படி ஒரு கதை என்று வைத்துக்கொள்வோம்:

'ஒரு பூனைக்குட்டி மாடியில் விளையாடிக்கொண்டே தூங்கிவிட்டது. கண் விழித்தபோது நள்ளிரவு. அம்மாப் பூனை கீழே தூங்கிக்கொண்டிருந்தது. குட்டிக்கு அம்மாவிடம் போக வேண்டும். ஆனால் படிக்கட்டில் ஒரே இருட்டு. குட்டி மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஒரு படி இறங்கியது. கீழே ஏதோ சரசரவென்று சத்தம். பாம்பு என்று நினைத்துக் குட்டி மேலே ஓடிவந்துவிட்டது. ஓடிவந்த வேகத்தில் காலில் ஒரு நூல்கண்டு தட்டுப்பட்டது. குட்டி சற்று யோசித்தது. நூல்கண்டைப் படியில் தள்ளிவிட்டது. அது தொப் தொப்பென்று உருண்டுபோய் அம்மாவின் மேல் மோதியது. அம்மா விழித்து, மேலே ஏறிவந்து, குட்டியைக் கவ்விக்கொண்டு கீழே போனது.'

பாம்பு என்று குட்டி பயந்த இடத்தில், காற்றில் ஆடும் ஒரு காகிதம் கதையோடு வரும் படத்தில் மட்டும் தெரிகிறது.

முதல் கேள்விக்கு விடை 'பூனைக்குட்டி'. அது முதல் வரியிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு 'மாடியில்'. அதுவும் அங்கேயே இருக்கிறது. மூன்றாவதற்கு, எந்தக் கதைக்கும் பொருந்தும்படி கைவசம் வைத்திருக்கும் நாலைந்து விடைகளில் ஒன்றைக் குழந்தை எடுத்து நீட்டிவிடும்: 'பெரியவர்கள் சொல் கேட்க வேண்டும்', 'பிறருக்கு உதவ வேண்டும்'. இப்போது நான்காவதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 'குட்டி ஏன் நூல்கண்டைத் தள்ளியது?' 'விளையாடுறதுக்கு' என்று பதில் வந்தால், முதல் மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்தக் குழந்தையிடம் கதை இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒருவருக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது எளிதில் கிடைக்கவில்லை. இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் கதை பிறக்கிறது. பாத்திரம், இடம், நேரம், சிக்கல், முயற்சி, முடிவு எல்லாம் இதில் தொங்குபவை. நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் க்ளென் என்ற இரு ஆய்வாளர்கள் 1979ஆம் ஆண்டு, தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் கதையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பகுத்துக் காட்டினார்கள். பின்னணி, தூண்டிய நிகழ்ச்சி, மனத்தில் எழுந்த எண்ணம், முயற்சி, விளைவு, அதன்பின் உண்டான உணர்வு என்று ஆறு பகுதிகள் அதில் உண்டு. நம் பூனைக்குட்டி கதையில் முதல் ஐந்தும் இருக்கின்றன. ஆறாவது இல்லை. கீழே போனபின் குட்டிக்கு எப்படி இருந்தது என்று கதை சொல்லவில்லை. அந்த வெற்றிடம் குழந்தைக்கு நல்லது. அதை அவர்களே நிரப்பட்டும்.

இந்த ஆறில் சிறு குழந்தைகள் திருப்பிச் சொல்லும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். செயல் கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் இருக்கிறது. எண்ணம் தெரிவதில்லை. ஆகவே சொல்லித்தர வேண்டியது முதலில் அதுதான். 'குட்டிக்கு என்ன வேணும்?' இந்த ஒரே கேள்வியை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எல்லாக் கதைகளிலும் கேட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம். 'கதாபாத்திரம்', 'கதைக்களம்', 'சிக்கல்', 'உச்சம்' என்ற பெயர்களை 7 வயதுக்கு மேல் சொல்லிக்கொள்ளலாம். பெயர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிட்டது என்று நாம் ஏமாந்துபோகிறோம். மலைமுகடு போல ஏறி இறங்கும் ஒரு கோட்டைப் பலகையில் வரைந்து 'ஆரம்பம், வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி, முடிவு' என்று எழுதவைப்பதும் நடக்கிறது. ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃபிரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை விளக்குவதற்காகக் கொடுத்த அமைப்பு அது. பன்னிரண்டு வரிக் கதையில் உச்சத்தைத் தேடும் ஆறு வயதுக் குழந்தை, சத்தம் அதிகமாக இருக்கும் வரியைக் காட்டிவிட்டுப் போகும்.

'என்ன வேணும்?' பிடிபட்டபின் 'ஏன் உடனே கிடைக்கல?' என்று கேட்கலாம். இங்கே இரண்டு வகை விடை வரும், இரண்டும் சரி. ஐந்து வயதுக் குழந்தை 'இருட்டா இருந்துச்சு' என்று வெளியே இருக்கும் தடையைச் சொல்லும். ஏழு வயதுக் குழந்தை 'பயந்துச்சு' என்று உள்ளே இருக்கும் தடையைச் சொல்லக்கூடும். முதல் விடையைத் திருத்த வேண்டாம். 'இருட்டா இருந்தா என்ன?' என்று ஒரு படி கீழே இறக்கினால், பயம் தானாக வெளியே வரும்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்விக்குச் சின்னக் குழந்தைகள் 'தெரியல' என்றோ 'சும்மா' என்றோ சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். அதற்காக 'ஏன்'களைக் கைவிட வேண்டாம். முதல் வேலை, காத்திருப்பது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்பதையும், 3 நொடிக்கு மேல் பொறுத்தால் விடைகள் நீள்வதையும் 1970களிலேயே கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எடுத்துக்காட்டினார். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்போதும் வராவிட்டால் இரண்டு விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: 'அம்மாவை எழுப்பத் தள்ளிச்சா, விளையாடத் தள்ளிச்சா?' இதில் ஒரு சறுக்கல் உண்டு. சிறு குழந்தைகள் பலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள். ஆகவே சரியான விடை ஒருநாள் முன்னாலும் ஒருநாள் பின்னாலும் வர வேண்டும். அடுத்து, 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று மிரட்டல் இல்லாத குரலில் கேட்க வேண்டும். குழந்தை படத்தையோ வரியையோ தொட்டுக் காட்டினால் போதும்.

இனி, கதையைத் திருப்பிச் சொல்லுவது. இங்கேதான் குழந்தையின் புரிதல் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது, நாம் கவனிக்காமல் விடுவதும் இங்கேதான். ஐந்து வயதில் பொதுவாக இப்படி வரும்: 'பூனைக்குட்டி தூங்குச்சு. அப்புறம் முழிச்சிச்சு. அப்புறம் கத்துச்சு. அப்புறம் நூல்கண்டு விழுந்துச்சு. அப்புறம் அம்மா வந்துச்சு.' நிகழ்ச்சிகள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன என்று பெரியவர்கள் கை தட்டிவிடுவார்கள். கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். 'நூல்கண்டு விழுந்துச்சு' என்கிறது குழந்தை. கதையில் குட்டி 'தள்ளியது'. விழுவதில் எண்ணம் இல்லை, தள்ளுவதில் உண்டு. உருண்டதற்கும் உருட்டியதற்கும், உடைந்ததற்கும் உடைத்ததற்கும், ஓடியதற்கும் ஓட்டியதற்கும் தமிழில் இருக்கும் வேறுபாடு, கதையைப் புரிந்ததற்கும் புரியாததற்கும் உள்ள வேறுபாடாகவே சில இடங்களில் வந்து நிற்கிறது. இதை இலக்கணமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'தானா விழுந்துச்சா, குட்டி தள்ளிச்சா?' என்று கேட்டால் போதும்.

அடுத்தது அந்த 'அப்புறம்'. இதைக் குறையென்று பார்க்கக் கூடாது, இது ஒரு வளர்ச்சிப் படி. குழந்தைகள் சொல்லும் கதைகளை ஆராய்ந்த ஆர்தர் ஆப்பில்பீ, தொடர்பில்லாத குவியலாகத் தொடங்கி, சங்கிலியாகக் கோத்து, பிறகே முழுக்கதையாக அவை வளர்வதை 1978இல் வரிசைப்படுத்தினார். 'அப்புறம்' சங்கிலியின் கண்ணி. அடுத்த கட்டத்துக்கு ஏற்றிவிட, அந்தக் கண்ணிகளில் சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டும். குழந்தை சொன்னதையே பெரியவர் ஒரு சொல் மாற்றித் திருப்பிச் சொல்லலாம்: 'ஆமா, கூப்பிட்டுச்சு. ஆனா அம்மாவுக்குக் கேக்கல. அதனால...' என்று அங்கே நிறுத்திவிட்டால், குழந்தை மிச்சத்தை முடித்துவைக்கும். 'ஆனா' வரும் இடமெல்லாம் தடை, 'அதனால' வரும் இடமெல்லாம் முயற்சி அல்லது விளைவு. கூப்பிட்டாலும் கேட்கவில்லை, இறங்கியதும் சத்தம் வந்தது, தள்ளியதால் அம்மா விழித்தது என்று சொல்லின் வாலில் ஒட்டும் துணுக்குகளிலும் இதே இணைப்பு இருக்கிறது. 'அம்மாகிட்ட போகணும்னு நூல்கண்டைத் தள்ளிச்சு' என்று ஒரு குழந்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் மகிழ்ச்சியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வேண்டியதையும் செய்ததையும் அந்த 'ணும்னு' கட்டிவிட்டது. இதைவிட நல்ல தேர்வு எந்தத் தாளிலும் இல்லை.

தோற்றுப்போன முயற்சிகளைக் குழந்தைகள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 'முழிச்சிச்சு, நூல்கண்டைத் தள்ளிச்சு, அம்மா வந்துச்சு' என்று குறுக்கு வழியில் போய்விடுவார்கள். காரணம் எளிது: கூப்பிட்டது பலிக்கவில்லை, இறங்கியதும் பலிக்கவில்லை, ஆகவே அவை முடிவோடு நேராகக் கட்டப்படவில்லை. காரண காரியத்தால் பல பக்கமும் கட்டப்பட்ட நிகழ்ச்சியே நினைவில் நிற்கும். 'முதல்லயே ஏன் நூல்கண்டைத் தள்ளல?' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை சொல்ல வேண்டுமென்றால் முந்தைய இரண்டு தோல்விகளையும் குழந்தை எடுத்துவந்தே தீர வேண்டும்.

முடிவைப் பற்றி ஒரு சொல். கடைசி வரிதான் முடிவு என்று குழந்தை நினைக்கும். 'குட்டியைக் கவ்விக்கொண்டு கீழே போனது' என்பதோடு 'வெளியே விடிந்தது, சேவல் கூவியது' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், பலர் சேவல் கூவியதே முடிவு என்பார்கள். முதலில் குட்டிக்கு என்ன வேண்டியிருந்தது, அது கிடைத்ததா? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரிதான் முடிவு. இதனால்தான் வேண்டியதை முதலில் சொல்லித்தர வேண்டும் என்கிறேன். அது தெரியாத குழந்தைக்கு முடிவை அடையாளம் காண வழியே இல்லை.

'கதை எங்கே நடக்கிறது?' என்ற தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இடமும் நேரமும் வெறும் அலங்காரம் என்ற எண்ணத்தைத்தான் அது வளர்க்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்று வைத்தது. இரண்டையும் சேர்த்து, முதலாவதாக. கதையிலும் அப்படித்தான். குழந்தைக்கு இதைக் காட்டும் வழி, மாற்றிப் பார்ப்பது. 'நள்ளிரவு இல்ல, மத்தியானம்னு வெச்சுக்கோ. என்ன ஆகும்?' குழந்தை சற்று யோசித்துவிட்டு 'இறங்கிப் போயிடும்' என்னும். கதை அங்கேயே முடிந்துவிட்டது! 'மாடியே இல்லாத வீடுன்னா?' நூல்கண்டு உருளாது. 'பூனைக்குட்டிக்குப் பதிலா நாய்க்குட்டின்னா?' கதை அப்படியே நிற்கும். எதை மாற்றினால் கதை சரிகிறது, எதை மாற்றினால் சரியவில்லை என்று பத்து நிமிடம் விளையாடினால் போதும். இடத்தையும் நேரத்தையும் பற்றி ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தைவிட இது ஆழமாகப் பதியும். எல்லாக் கதையிலும் நேரம் முக்கியமில்லை என்பதையும் குழந்தை இதே விளையாட்டில் கண்டுகொள்ளும்.

இப்போது அந்தக் காகிதம். படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு அது காகிதம் என்று தெரியும், குட்டிக்குத் தெரியாது. 'அந்தச் சத்தம் என்னன்னு குட்டி நினைச்சுச்சு?' என்று மூன்று வயதுக் குழந்தையைக் கேட்டால் 'காகிதம்னு' என்று சொல்லக்கூடும். தனக்குத் தெரிந்தது குட்டிக்கும் தெரியும் என்று அது எண்ணுகிறது. 1983இல் உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டினார்கள். நான்கு வயதுக்கு மேல்தான் 'அவனுக்குத் தெரியாதே' என்ற எண்ணம் மெல்ல மெல்ல வருகிறது. ஆகவே ஏமாற்றுவதும் மறைப்பதும் நடுநாயகமாக இருக்கும் தந்திரக் கதைகள் மூன்று வயதில் எடுபடாவிட்டால் குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்கரை, ஐந்து வயதில் அதே கதையை மறுபடி எடுங்கள். 'இது உனக்குத் தெரியும். குட்டிக்குத் தெரியுமா?' என்ற கேள்வியைப் பழக்கிவிட்டால், வில்லன் என்று ஒதுக்கிய பாத்திரத்தின் பக்கமும் நின்று பார்க்கக் குழந்தை கற்றுக்கொள்ளும். 'புலிக்கு என்ன வேணும்?' என்று கேட்டவுடன் 'அதுக்குப் பசி' என்று பதில் வருகிற நேரம், ஒரே கதைக்குள் இரண்டு பேருடைய தேவைகள் மோதுவதைக் குழந்தை முதன்முறையாகப் பார்க்கிறது. அருமையான நேரம் அது.

உணர்ச்சிக்குச் சொல் போதாமையும் ஒரு பெருந்தடை. 'சந்தோஷம்', 'சோகம்', 'கோபம்' மூன்றோடு பல குழந்தைகள் நின்றுவிடுகிறார்கள். ஒரு கதைக்கு ஒரு புதுச் சொல் கொடுங்கள்: தவிப்பு, ஏமாற்றம், நிம்மதி, பொறாமை, வெட்கம். கூப்பிட்டும் கேட்காதபோது குட்டிக்கு ஏமாற்றம், அம்மா வந்தபின் நிம்மதி. முகத்தில் செய்துகாட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

மூன்றாவது கேள்வியான நீதிக்கு வருவோம். பூனைக்குட்டி கதைக்கு நீதி கேட்டால் ஐந்து வயதுக் குழந்தை 'மாடியில தூங்கக் கூடாது' என்று சொல்லும். 'தப்பு, விடாமுயற்சி வேண்டும் என்பதுதான் நீதி' என்று பெரியவர் திருத்துவார். யோசித்துப் பாருங்கள்: குழந்தை சொன்னது கதையிலிருந்து வந்தது. நடந்ததற்கெல்லாம் தொடக்கம் மாடியில் தூங்கியதுதான் என்று அது காரணத்தைச் சரியாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. பெரியவர் சொன்னதோ எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். இப்படி நாலு தடவை திருத்து வாங்கிய குழந்தை, கதையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லப் பழகிவிடும். இது பெரிய நட்டம். நீதிக் கேள்வியை 7, 8 வயது வரை தள்ளிவையுங்கள். அப்போதும் ஒரே விடை என்று கட்டாயப்படுத்தாமல், 'இந்தக் கதையை யாருக்குச் சொல்லுவ? ஏன் அவங்களுக்கு?' என்று கேட்டால் அவர்களுக்குப் பட்டது வெளியே வரும்.

நடத்தும் முறை பற்றிப் பலரும் தவறவிடும் ஒன்று: ஒரே கதையை மூன்று நாள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் 10 முதல் 15 நிமிடம், ஒரு குழுவில் ஐந்தாறு குழந்தைகளுக்கு மிகாமல். முதல் நாள் நிறுத்தாமல் முழுக்கதை. கேள்வியே கிடையாது. இரண்டாம் நாள் மூன்று இடங்களில் மட்டும் நிறுத்தலாம்: வேண்டியது தெரிந்த இடத்தில் ஒன்று, முதல் முயற்சி தோற்ற இடத்தில் ஒன்று, முடிவுக்குச் சற்று முன்னால் ஒன்று. அதற்குமேல் நிறுத்தினால் கதை அறுந்துவிடும். வரிக்கு வரி கேள்வி கேட்பவரிடம் குழந்தைகள் கதை கேட்க மறுப்பதற்கு இதுவே காரணம். மூன்றாம் நாள் படங்களைக் கலைத்துப் போட்டு, அடுக்கிச் சொல்லவைப்பது. 4, 5 வயதுக்கு நான்கு படங்கள், 6, 7 வயதுக்கு ஆறு. படத்தில் கடிகாரமோ எண்ணோ, வெளிச்சம் கூடிக்கொண்டே வருவதோ இருக்கக் கூடாது. இருந்தால் அதை வைத்தே அடுக்கிவிடுவார்கள், கதையை நினைக்க மாட்டார்கள். அடுக்கியபின் நடுப்படம் ஒன்றை ஒளித்துவைத்து, 'இது இல்லாம கதை புரியுமா?' என்று கேட்பது நல்ல பயிற்சி.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்குச் சொற்களே இல்லாத படக்கதை கைகொடுக்கும். படிக்க வராததையும் கதை புரியாததையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அந்தக் குழந்தையைப் பின்வரிசையில் உட்காரவைப்பது அநியாயம். படத்தைப் பார்த்து அழகாகக் கதை கட்டும் குழந்தைக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. நன்றாக வாசித்துவிட்டு 'ஏன்' என்றால் விழிக்கும் குழந்தைக்கு வேண்டியது கதைப் பயிற்சி. மருந்து வேறு வேறு.

ஐந்து விரல்களில் கதை சொல்லும் முறை பரவலாகப் புழங்குகிறது: கட்டைவிரல் யார், சுட்டுவிரல் எங்கே எப்போது, நடுவிரல் என்ன வேண்டும், மோதிரவிரல் என்ன செய்தது, சுண்டுவிரல் கடைசியில் என்ன ஆனது. நல்ல முறைதான். ஆனால் நாலு வாரத்தில் அது மனப்பாடமாகி, விரலுக்கொரு வரியாக உதிர்ந்துவிடுகிறது. அதற்கு மாற்று விரல்களின் இடுக்கிலேயே இருக்கிறது. நடுவிரலிலிருந்து மோதிரவிரலுக்குத் தாவும்போது, இடுக்கைத் தொட்டு 'ஆனா' என்று சொல்ல வேண்டும். மோதிரவிரலிலிருந்து சுண்டுவிரலுக்கு 'அதனால'. இணைப்புச் சொல் சொல்லாமல் அடுத்த விரலுக்குப் போகக் கூடாது என்பதே விதி. குழந்தைகள் இந்த விதியைப் பெரியவர்களைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள்.

திருப்பிச் சொல்லும்போது மொழியைத் திருத்தாதீர்கள் என்று பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துத் தமிழில் படித்த கதையைக் குழந்தை பேச்சுத் தமிழில் சொல்வதே, சொற்களைத் தாண்டிப் பொருளைப் பிடித்துவிட்டதற்கு அடையாளம். 'முழிச்சிச்சு இல்ல, விழித்தது' என்று இடைமறித்தால் அந்தக் கணத்தோடு கதை போய்விடும்.

இதுவரை சொன்னதில் சிறுவர் பக்கம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, கதையின் நடை. மனிதர்கள் வரும் கதையில் அவன், அவள், அவர் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். விலங்குக் கதையில் எல்லாமே 'அது', பெரும்பாலான வினைகள் 'து'வில் முடியும். 'நரி கரடியைப் பார்த்தது. அது பயந்து ஓடியது' என்று அச்சானால் ஓடியது எது? பெரியவர்கள் சூழலை வைத்துக் கண்டுகொள்வார்கள், ஆறு வயதுக் குழந்தை திணறும். இரண்டு விலங்குகள் வரும் கதையில் ஒவ்வொரு முறையும் பெயரையே எழுதச் சொல்லுங்கள். எழுத்தாளருக்குச் சலிப்பாக இருக்கலாம், குழந்தைக்கு இருக்காது. 'வினவியது', 'நவின்றது', 'அஞ்சியது' போன்ற சொற்கள் ஒரு கதையில் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு கதைக்கு ஒரு பாத்திரத்தின் தேவை, இரண்டு அல்லது மூன்று முயற்சி, பன்னிரண்டு பதினைந்து சிறு வாக்கியங்கள். நடந்த வரிசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். 'எல்லாம் கனவு' என்று முடியும் கதைகளைச் சின்னஞ்சிறுவர்களுக்கு வெளியிட வேண்டாம், அதுவரை கட்டிய காரணங்கள் எல்லாம் சரிந்துவிடும்.

இரண்டாவது, கேள்விகள். மூன்றே போதும். பூனைக்குட்டி கதையாக இருந்தால்: குட்டிக்கு என்ன வேண்டும்? அது ஏன் உடனே கிடைக்கவில்லை? நூல்கண்டு இல்லாமல் இருந்திருந்தால் குட்டி வேறு என்ன செய்திருக்கும்? முதல் இரண்டுக்கு விடை கதையில் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை, ஆனால் கதை புரிந்தவரால் மட்டுமே சொல்ல முடியும். விடைகளைத் தலைகீழாக அச்சிடுவதையும் நிறுத்திவிடலாம்.

மூன்றாவது, படங்கள். கதையோடு ஒரே ஒரு பெரிய படம் போடுவதற்குப் பதிலாக, வெட்டி எடுக்கும்படி புள்ளிக்கோடு போட்ட நான்கு சிறு படங்களை வரிசை கலைத்து அச்சிட்டால், வீட்டிலேயே அடுக்கி விளையாடலாம். ஒவ்வொன்றும் குழந்தையின் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். அந்தப் பக்கத்தின் பின்புறம் குறுக்கெழுத்தோ, பெரியவர்கள் எடுத்துவைக்க விரும்பும் செய்தியோ வராமல் பார்த்துக்கொண்டால், கத்தரிக்கோலோடு வரும் குழந்தையை வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தொடக்கநிலை மொழி ஆசிரியர்